பையனுக்குப் பத்து வயது, 47 கிலோ: நாலு மணியிலிருந்து எட்டரை மணி வரை என்ன செய்வது?

லைன்வீட்டு அம்மா (வடசேரி, நாகர்கோவில்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இந்த இணையக் குழுவில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை, உயரம் பார்த்திருக்கிறார்கள். இவன் கையில் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். உயரம் 138 செ.மீ., எடை 47 கிலோ, உடல் பருமன், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை அவன் என்னிடம் தரவில்லை. கணக்கு நோட்டின் அட்டைக்கும் பிரவுன் தாளுக்கும் நடுவில் நாலாக மடித்து ஒளித்து வைத்திருந்தான். அட்டை கிழிந்துவிட்டது என்று மாற்றிப் போடும்போதுதான் எனக்குக் கிடைத்தது. எடையைவிட அவன் ஒளித்து வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் வசதியானவர்கள் இல்லை. ஒரு அறையும் அடுக்களையும் உள்ள லைன் வீடு. வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறார், கேரளாவில் வேலை கிடைத்தால் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு ஏறினால் வீடு வந்து சேர இரவு எட்டரை. வீட்டில் மாமியார் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் முட்டுவலியும் உண்டு.

சீட்டை மாமியாரிடம் காட்டினேன். "பிள்ள நல்லா தடிச்சு அழகா இருக்கான், நீ கண்ணு வைக்காத" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்ற ஐந்தில் இரண்டைச் சின்ன வயதிலேயே மெலிந்து மெலிந்து பறிகொடுத்தவர். பக்கத்து வீட்டு அக்காதான், "பணக்காரங்க வியாதி உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க என் தலைக்குள் சுற்றியது. ரேஷன் அரிசி பொங்குகிற வீட்டில் பிள்ளை எப்படி இவ்வளவு எடை போடுவான்?

அப்புறம், கழுத்துக்குப் பின்னால் பட்டையாகக் கறுத்துக் கிடக்கிறது. அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்தேன். போகவில்லை, அழுதான். இது தைராய்டாக இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நகர்நல நர்ஸ்

அக்கா, முதலில் பீர்க்கங்கூட்டைக் கீழே வையுங்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாதபோது கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் இப்படித் தடித்துக் கறுக்கும். வாரத்துக்கு ஒரு அம்மாவாவது தன் பிள்ளையின் கழுத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு எங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். உள்ளே சரியானால் தோலும் மெல்ல மெல்ல வெளுக்கும்.

தைராய்டா என்று கேட்டீர்கள். தைராய்டு குறைவால் பருமனாகும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரம் வளரமாட்டார்கள். உங்கள் மகனுக்கு 138 நல்ல உயரம்தான். ஹார்மோன் கோளாறால் வரும் பருமன் அபூர்வம். ஆனாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

சீட்டில் இருப்பது சரியான கணக்குத்தானா என்று பார்க்கலாம். 47 கிலோவை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் 24.7 வருகிறது. பெரியவர்களுக்கு இது கொஞ்சம்தான் கூடுதல். பிள்ளைகளுக்கு அப்படிப் பார்க்கக் கூடாது, வயதுக்குத் தகுந்த அட்டவணை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் பத்து வயதுப் பையனுக்கு இது 21.4-ஐத் தாண்டினாலே பருமன். ஆகவே சீட்டு சரிதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவன் உயரத்துக்கு ஒரு கயிறு எடுத்து, சரிபாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு முனையும் சேரவேண்டும். சேராவிட்டால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் யாருக்கும் இதைச் செய்யலாம், உங்களுக்கும்தான்.

பணக்கார வியாதி என்றவருக்குப் பதில்: அது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. உலகம் முழுக்க 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் எடை கூடியவர்கள் 1990-இல் நூற்றுக்கு 8 பேர், 2022-இல் 20 பேர். தமிழ்நாட்டில் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள். இந்த நாற்பது பேரும் காரில் போகிறவர்களா? என் வார்டில் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். சந்தைக்குப் பின்னால் உள்ள சந்துகளிலும் காலனிகளிலும் நான் பார்க்கிற முகங்கள்தான் அவை.

ஒரே ஒரு வேண்டுகோள். பையனைப் பட்டினி போடாதீர்கள். வளரும் வயது. எடை இப்போது இருக்கிற இடத்திலேயே நின்றாலும் உயரம் கூடக் கூட அளவு சரியாகிக்கொண்டே வரும். அவன் தினமும் என்ன சாப்பிடுகிறான், எப்போது சாப்பிடுகிறான் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.

லைன்வீட்டு அம்மா

சிஸ்டர், கயிறு வைத்துப் பார்த்தேன். நாலு விரல் அகலம் இடைவெளி இருக்கிறது. அவனுக்குத் தெரியவேண்டாம் என்று எனக்கும் மாமியாருக்கும் சேர்த்தே வைத்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேரவில்லை.

காலையில் பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ தருகிறார்கள். மதியம் சத்துணவு, முட்டை. அங்கே குறை ஒன்றும் இல்லை, நான் கொடுப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. நாலு மணிக்கு வீட்டுக்கு வருவான். மாமியாரால் அடுப்படியில் நிற்க முடியாது, அதனால் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போவேன். பத்து ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பாக்கெட், பத்து ரூபாய்க்கு ஒரு குளிர்பானம். அப்புறம் போன். முன்வாசல் கதவைத் திறந்தால் ரோடு, பஸ் உரசிக்கொண்டு போகும். வெளியே விடாதீர்கள் என்று நானேதான் மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு மறுபடி பசிக்கும், பிஸ்கட்டும் சாயாவும். எட்டரைக்கு நான் வரும்போது கால் கடுத்துப்போய் வருவேன். வாரத்தில் மூன்று நாள் வழியில் புரோட்டா வாங்கி வந்துவிடுவேன். சாப்பிட்டு, படுக்கப் பதினொன்று ஆகிவிடும். ஒரே அறை, லைட் அணைத்தால்தான் எல்லோரும் தூங்க முடியும்.

எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. தப்பு எல்லாம் அந்த நாலரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஆட்டோ ஓட்டுநர் (பார்வதிபுரம்)

குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். நானும் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைதான். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தின்று வளர்ந்தோம், கேட்டதெல்லாம் கிடைக்காது. இன்றைக்குப் பிள்ளை அழுதால் உடனே இருபது ரூபாய். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இதற்கு டாக்டர், சீட்டு, அட்டவணை எதற்கு? போனைப் பிடுங்கி வையுங்கள், காசு கொடுக்காதீர்கள், இரண்டே மாதத்தில் சரியாகிவிடும். வாயைக் கட்டினால் வயிறு தானாக அடங்கும்.

கோட்டாறு 84

//வாயைக் கட்டினால் வயிறு தானாக அடங்கும்//

அண்ணே, அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்தவன் நான். எட்டாம் வகுப்பில் 71 கிலோ. அப்பாவும் இப்படித்தான் சொன்னார், செய்தார். காசு நின்றது. நான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடைக்குப் போய்க் கொடுத்து மீதிச் சில்லறை வாங்கித் தின்றேன். ஒளிந்து தின்னும்போது வேகமாகத் தின்போம், வயிறு நிறைந்தது தெரியாது. பள்ளியில் ஒரு ஆசிரியர் என்னை மட்டும் மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டு மற்றவர்களை நின்று எண்ணச் சொன்னார். அன்றோடு மைதானத்துப் பக்கம் போவதை விட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் எந்த விளையாட்டும் கிடையாது. இப்போது நாற்பது வயது, ஈரலில் கொழுப்பு, மாத்திரை.

அக்கா, உங்கள் மகன் சீட்டை ஒளித்து வைத்தான் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அவனுக்குத் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது நமக்கு முன்னாலேயே தெரியும். வீட்டில் யாரும் அவனைத் தடியா என்று கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செல்லமாகக்கூட வேண்டாம். அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்று வைக்காதீர்கள். மாறுவதாக இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மாறட்டும்.

பெட்டிக்கடை (ஒழுகினசேரி)

நான் கடைக்காரன். இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நாலு மணிக்கு அந்த இருபது ரூபாயை வாங்கிப் போடுகிறவன் நான்தானே.

நடப்பதைச் சொல்கிறேன். கடையில் உள்ள ஃபிரிட்ஜ் என்னுடையது இல்லை, குளிர்பானக் கம்பெனி வைத்தது. அதில் அவர்கள் சரக்குத்தான் முன்வரிசையில் நிற்கவேண்டும். சிப்ஸ் சரம் சரமாகத் தொங்கும், மூன்று மாதம் ஆனாலும் கெடாது, விற்காததை மாற்றித் தருவார்கள். ஒரு தார் மட்டி வாழைப்பழம் வாங்கித் தொங்கவிட்டால் நாலாம் நாள் கறுத்துவிடும், நஷ்டம் என் தலையில். பழத்தை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். வாடகையும் கரண்டும் கொடுக்கிறவன் எதைத் தொங்கவிடுவான்?

பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது என்பதை என் மகள் போனில் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். என் கடை பள்ளி வாசலில் இருந்து முப்பது எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும். இதுவரை எவரும் வந்து சொன்னதில்லை. சொன்னால் கேட்டிருப்பேனா என்றால், பக்கத்துக் கடைக்காரனும் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். நான் மட்டும் நிறுத்தினால் பிள்ளைகள் பத்து எட்டு கூட நடந்து அங்கே வாங்கும், அவ்வளவுதான்.

இப்போதைக்கு நான் செய்திருப்பது இது. குண்டு பல்பு எரிகிற முன்பக்கத்தில் கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, அவித்த நிலக்கடலைப் பொட்டலம். சிப்ஸ் சரத்தைப் பின்னால் தள்ளிவிட்டேன். கேட்டால் கொடுக்கிறேன், கண்ணுக்கு நேரே தொங்கவில்லை. அவித்த கடலையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் நாற்பது போகிறது, நானே எதிர்பார்க்கவில்லை.

நகர்நல நர்ஸ்

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதற்கு ரொம்ப நன்றி. இதைக் கடைக்காரர் ஒருவர் வாயால் கேட்கவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

அந்தக் குளிர்பானத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம். கோலா வகையில் 250 மில்லிக்குச் சுமார் 26 கிராம் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன். ஒரு பிள்ளைக்கு நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரையே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஒரே மடக்கில் அது முடிந்துவிடுகிறது. அதே சர்க்கரையைத் திடமாகத் தின்றால் கொஞ்சமாவது வயிறு நிறையும், குடித்தால் நிறைவதில்லை. அதனால்தான் ஏழு மணிக்கு மறுபடி பசிக்கிறது. பாலில் கலக்கும் சத்து மாவு டப்பாக்களும் இதே கதைதான், சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகமே இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையில் வைத்து விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னது. மாதச் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாயை அந்த டப்பாவுக்குக் கொடுக்கிற தாய்மார்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் காசுக்கு மாதம் முழுக்கத் தினம் இரண்டு முட்டை வாங்கலாம்.

ரேஷன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரிசி இலவசம். சர்க்கரையும் பாமாயிலும் மலிவு விலையில். பருப்பு ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. பட்டினியை விரட்டியதில் இதற்குள்ள பங்கை நான் குறைக்கமாட்டேன், உங்கள் மாமியார் காலத்துக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த இரண்டு உயிரும் போயிருக்காது. ஆனால் வயிறு நிறைக்கும் பொருள் மலிவாகவும், காய்கறி, பயறு, மீன், பழம் எல்லாம் கை எட்டாத விலையிலும் இருக்கும்போது ஏழை வீட்டுத் தட்டு எப்படி இருக்கும்? சோறு மேடாகவும் கூட்டு கரண்டியளவாகவும்தான் இருக்கும்.

குளச்சல் கரையோரம்

நாங்கள் கடலோரம். மீனுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நல்ல மீன் கரையேறியதும் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும், ஏலத்துக்குப் பிறகு எங்கள் சட்டிக்கு வருவது குறைவு. ஆண்கள் தங்கு கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்கள். வந்து இறங்கும்போது பிள்ளையைப் பார்க்காத ஏக்கம், கையில் காசு, இரண்டும் சேர்ந்து பொரித்த கோழியும் பெரிய பாட்டில் குளிர்பானமுமாக வரும். அந்த மனுஷனிடம் எப்படி வேண்டாம் என்பது? போன உயிர் திரும்பி வந்திருக்கிறது என்ற நினைப்புத்தான் எங்களுக்கு. ஒக்கிப் புயலுக்குப் பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளி விட்டால் கடற்கரைதான். மணலில் ஓடுவோம், பையன்கள் இருட்டும்வரை பந்து விளையாடுவார்கள். சுனாமிக்குப் பிறகு கடல் அரிப்புக்கு என்று எங்கள் தெருவுக்கு நேரே பாறாங்கல் போட்டுச் சுவர் வைத்தார்கள். வீடு தப்பவேண்டும், வேறு வழியும் இல்லை. ஆனால் மணல் போய்விட்டது. இப்போது அந்தக் கல்லில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வீடு சுவரோடு சுவர், நடுவில் ஓட இடமே இல்லை. பிள்ளைகள் அசைவதில்லை என்று திட்டுகிறவர்கள் ஒரு நாள் வந்து எங்கள் தெருவைப் பார்க்கட்டும்.

அங்கன்வாடி அக்கா (இரணியல் பக்கம்)

எங்கள் மையத்தில் மாதாமாதம் எடை போடுகிறோம். ஒரே வரிசையில் ஒரு பிள்ளை எடை குறைவு, அடுத்த பிள்ளை எடை கூடுதல், இரண்டும் அக்கா தங்கை பிள்ளைகள். ஐந்து வயதுக்குக் கீழே எடை கூடிய பிள்ளைகள் நாடு முழுக்க இன்னும் குறைவுதான், 2019-21 குடும்பநல ஆய்வில் நூற்றுக்கு 3.4. அதற்கு முந்தைய ஆய்வில் 2.1. ஏறுகிறது என்பதுதான் கவலை.

தாய்மார்கள் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று. பிறக்கும்போது எடை குறைவாகப் பிறந்த பிள்ளையை 'தேற்றுகிறேன்' என்று நெய்யும் சீனியும் பிஸ்கட்டுமாகக் கொடுத்து வேகமாகக் கொழுக்கவைப்பது ஆபத்து. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் நம் நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து சொன்னது: நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் தசை குறைவு, கொழுப்பு அதற்கேற்பக் குறைவதில்லை. பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. அந்த உடம்பின்மேல் வேண்டாத எடை ஏறினால் சர்க்கரை நோய் சீக்கிரம் வரும். அரைவயிற்றுக் கஞ்சியோடு வேலைக்குப் போன கர்ப்பிணியின் பசி, பிள்ளையின் நாற்பதாவது வயதில் வந்து நிற்கிறது. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கக் குந்தியிருந்து பருப்பு உடைத்த தாய்மார்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆட்டோ ஓட்டுநர் (பார்வதிபுரம்)

கோட்டாறுத் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் எழுதிய வரியை நீக்கலாம் என்று பார்த்தேன், வேண்டாம், கிடக்கட்டும், மற்றவர்களுக்கும் தெரியட்டும். அந்தத் தங்கச்சியைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவேண்டும்.

ஒன்று யோசித்தேன். தினமும் காலையில் எட்டுப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிப் பள்ளியில் விடுகிறேன். அதில் ஐந்து பேர் வீட்டில் இருந்து பள்ளி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நாங்கள் கிழங்கு தின்றும் இப்படி ஆகாததற்குக் காரணம் நாக்கைக் கட்டியது இல்லைபோலத் தெரிகிறது. நடந்தோம், குளத்தில் விழுந்து நீந்தினோம், மாங்காய்க்கு மரம் ஏறினோம். இப்போது குளத்தில் ஆகாயத்தாமரை, ரோட்டில் நடைபாதை இல்லை. பெற்றவர்கள் பயந்து ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். அந்தப் பயமும் நியாயம்தான், என் வண்டியே பிள்ளைகளை உரசிக்கொண்டு போகிற ரோடு அது.

உடற்கல்வி ஆசிரியர், ஓய்வு (வெட்டூர்ணிமடம்)

முப்பத்திரண்டு வருடம் விசிலும் கையுமாக நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கோட்டாறுத் தம்பியை ஓடவிட்ட ஆசிரியரைப் போல நானும் ஆரம்ப வருடங்களில் செய்திருக்கிறேன். அது தப்பு என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

5 முதல் 17 வயதுவரை தினமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். ஆகவே பள்ளியை மட்டும் நம்பிப் பயனில்லை.

பருமனான பிள்ளைக்கு ஓட்டம் கொடுக்காதீர்கள். முட்டு வலிக்கும், கடைசியில் வருவான், வெட்கப்படுவான். அவனிடம் உள்ள பலத்தைப் பாருங்கள். எறிபந்து, குண்டு எறிதல், கபடியில் பிடிப்பது, கிளித்தட்டில் கோடு காப்பது. கபடியில் அவன் ஒருவனைப் பிடித்து நிறுத்தினால் அன்றைக்குப் பையன்கள் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு போவார்கள். மறுநாள் கூப்பிடாமலே வருவான். நான் கண்ணால் பார்த்தது இது.

வடசேரி அம்மா, உங்கள் பகுதியில் சாயங்காலம் திறந்திருக்கும் பள்ளி மைதானமோ கோயில் முற்றமோ உண்டா? எழுதுங்கள். எனக்கு நாலரைக்கு மேல் வேலை ஒன்றும் இல்லை.

பெண்பிள்ளையின் தாய் (தக்கலை)

எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் ஆறாம் வகுப்பு, பத்தரை வயதிலேயே பெரியவளாகிவிட்டாள். அதற்குப் பிறகு தெருவில் சைக்கிள் ஓட்டக்கூட வீட்டில் விடவில்லை. ஒரே வருடத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டது. சாப்பாடு கூடவில்லை, வெளியே போவதுதான் நின்றது. நான் என்ன செய்யட்டும்?

நகர்நல நர்ஸ்

அக்கா, எடை கூடிய பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவது உண்டு. அதற்குப் பிறகு வீட்டுக்குள் அடைத்தால் எடை இன்னும் ஏறும். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவதும் சினைப்பையில் கோளாறும் இந்த வழியில் வருவதுண்டு. சைக்கிளைத் திருப்பிக் கொடுங்கள். நீங்களும் கூட நடந்து போங்கள், கூட ஆள் இருந்தால் வீட்டில் வாய் திறக்கமாட்டார்கள். அதிகாலைத் திருப்பலியோ கோயிலோ எதுவாக இருந்தாலும் நடந்தே போய்வாருங்கள்.

லைன்வீட்டு அம்மா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு நாள் லீவு போட்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரத்தக் கொதிப்பு சரியாக இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் எல்லையை ஒட்டித்தான். ஈரல் பரிசோதனை கொஞ்சம் கூடுதல். மருந்து எதுவும் தரவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். டாக்டரம்மா பையனிடம் நேராகப் பேசினார்கள், என்னைத் திட்டவில்லை. "உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அவன் கபடி என்றான். எனக்கே அது தெரியாது.

வீட்டில் மாற்றியது இதுதான். இருபது ரூபாய் வைப்பதில்லை. காலையில் பயறோ கொண்டைக்கடலையோ அவித்து மூடி வைத்துவிடுகிறேன், தேங்காய்ப்பூ தூவினால் போதும், மாமியாரே எடுத்துக் கொடுத்துவிடுவார். கூடவே மட்டிப்பழம் இரண்டு. குளிர்பானத்துக்குப் பதில் உப்புப் போட்ட மோர். முதல் வாரம் அழுகை, கோபம், ஒரு நாள் சட்டியைத் தள்ளிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் கேட்பதை வாங்கலாம் என்று பேசிவைத்தோம். அது வந்த பிறகு கொஞ்சம் அடங்கியது. புரோட்டா வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாள் காலையில் வைத்த சாளைக் குழம்பே இரவுக்கும்.

மாமியார் மாறியதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தக் கயிற்றை அவர் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். "எனக்கு வந்த சர்க்கரை இவனுக்கும் வருமா பிள்ளே?" என்று ஒரு ராத்திரி கேட்டார். வரலாம் என்றேன். அன்றிலிருந்து அவனைக் கண்ணு வைக்காதே என்று சொல்வதில்லை.

எடை 47.2. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிஸ்டர் சொன்னதால் நான் பயப்படவில்லை.

விளையாட்டுத்தான் இன்னும் வழியில்லாமல் இருந்தது. ஓய்வுபெற்ற சார் எழுதியதைப் பார்த்து, எங்கள் லைன் வீட்டில் உள்ள ஆறு அம்மாமார் சேர்ந்து பக்கத்துப் பள்ளியில் போய்க் கேட்டோம். முதலில் பொறுப்பு யார் ஏற்பது, கண்ணாடி உடைந்தால் யார் கொடுப்பது என்று மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை சாரும் கூட வந்து பேசினார்கள். வாரத்துக்கு நாலு நாள், ஐந்து முதல் ஆறு மணி வரை, பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று சம்மதித்திருக்கிறார்கள். இப்போது பதினோரு பிள்ளைகள் போகிறார்கள், அதில் நாலு பெண்பிள்ளைகள்.

ஆட்டோ ஓட்டுநர் (பார்வதிபுரம்)

ரோடு தாண்டுவதுதான் அங்கே சிரமம். செவ்வாயும் வியாழனும் எனக்குச் சாயங்காலச் சவாரி குறைவு. நாலே முக்காலுக்கு உங்கள் சந்து முனையில் நின்று பிள்ளைகளை ரோடு தாண்டவைத்து நடத்தியே கொண்டு விடுகிறேன். வண்டியில் ஏற்றமாட்டேன்.

பெட்டிக்கடை (ஒழுகினசேரி)

நடந்து வருகிற வழியில்தான் என் கடை. வாசலில் ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் வைக்கிறேன்.

லைன்வீட்டு அம்மா

அண்ணாச்சி, அண்ணே, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மற்ற இரண்டு நாள் எதிர்வீட்டு அக்காவும் லைனில் உள்ள மற்ற அம்மாமாரும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இரவு கொஞ்சம் சீக்கிரம் வீடு வர, கடையில் அரை மணி நேரம் முன்னால் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. சார், ஒரு கேள்வி. துலாம் (ஐப்பசி) மாத மழை தொடங்கினால் மைதானம் சேறாகிவிடும். அப்போது என்ன செய்வது?

உடற்கல்வி ஆசிரியர், ஓய்வு (வெட்டூர்ணிமடம்)

பள்ளி வராந்தா நீளமானது, பார்த்து வைத்திருக்கிறேன். கயிறு தாண்டலாம், எறிபந்து போடலாம். பழைய தாண்டு கயிறு வீட்டில் நாலு கிடக்கிறது. பதினோரு பேருக்குப் போதாது, யாரிடமாவது இருந்தால் செவ்வாய்க்கிழமை கொடுத்து அனுப்புங்கள்.